ஓர் இசைத்தட்டும் ஒரு தடையும்

கண்டி நகரிலே மாலை மயங்கும் வேளையில் வாவிக்கரையில் நிற்பவன் செவியில் பல உலகங்களின் ஒலி வந்து விழும். தலதா மாளிகையில் பூசைக்குரிய மேளம் முழங்கும். அதற்கு அணித்தாகவே, ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்றிய சில பத்தாண்டுகளுக்குள் எழுப்பிய தூய பவுல் ஆலயம் நிற்கிறது. அங்கே ஓர்கன் ஒலிக்கும். பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழும். மார்கழி பிறந்துவிட்டால் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலும், நகரைச் சூழ்ந்த தோட்டங்களின் மாரியம்மன் கோயில்களிலும் பஜனை நடக்கும். தாளத்தோடும் மிருதங்கத்தோடும் ஆர்மோனியம் சேர்ந்துகொள்ளும்.

இவை யாவும் ஒரே காற்றில் கலந்தே நம்மை வந்தடைகின்றன. ஆயினும் இவற்றுட் சில மட்டுமே சங்கீதம் என மதிக்கப்படுகின்றன. ஏனையவை பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படுகின்றன. இவ்வாறு தரம் பிரிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது? அது எவ்வாறு பயன்படுத்தப்பட்டது? இவ்வினாக்களை இசை வல்லுநரிடமே விட்டுவிடுதல் தகாது. சமூக வரலாற்றில் நாட்டமுடைய ஆசிரியரும் மாணவரும் ஆராய வேண்டியவை இவை. அவ்வாராய்ச்சிக்கு உதவும் ஓர் இசைத்தட்டின் கதையை இங்கே சொல்ல முற்படுகிறேன்.

* * *

அத்தட்டு 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதில் வாசித்தோர் எண்டெலியன் என்னும் பெயர்பூண்ட நால்வர் குழுவினர். இசையை இயற்றியவர் ஜோன் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். இளமையில் அவர் எழுதிய சிறு இசைச் சித்திரங்கள் சில, 1931ஆம் ஆண்டளவில் எழுதிய 'குவார்ட்டெற்றோ இன்ரிமோ' என்னும் பெரிய நால்வரிசை, 1935ஆம் ஆண்டுக்குரிய 'குவார்ட்டெற்றோ ஜெனியாலே' என்பதில் அழியாது எஞ்சிய ஒரேயொரு மெதுநடைப் பகுதி ஆகியவை அதில் அடங்கியுள்ளன.

கேட்போர்க்கு இரண்டு செய்திகள் வியப்பளிக்கும். இசை எழுதப்பட்டதற்கும் அது ஒலிப்பதிவானதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருக்கிறது. அதை இயற்றியவரோ 1939ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கல்கத்தாவிலே வாந்திபேதி கண்டு இறந்துபோனார். மஞ்செஸ்டரில் பிறந்த ஒருவர் கல்கத்தாவில் ஏன் இறந்தார், அவருடைய இசை அரை நூற்றாண்டு ஏன் ஊமையாய்க் கிடந்தது என்று கேட்கத் தொடங்கினால் ஏகாதிபத்திய காலத்துப் பண்பாட்டு வரலாற்றின் ஒரு பக்கம் நம் முன் விரிகிறது.

முதலில் நால்வரிசை என்பது யாது எனக் காண்போம். இரண்டு வயலின், அவற்றினும் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று என நான்கு நரம்புக் கருவிகளுக்கென எழுதப்படும் இசை அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைடன் என்பாரின் கையில் அது முழு வடிவம் பெற்றது. நம் கச்சேரியிலே பாடகர் முன்செல்ல வயலினும் மிருதங்கமும் பின்தொடரும். நால்வரிசையில் அத்தகைய தலைமை நிலையானதன்று. ஒரு கருவி சொன்னதை இன்னொன்று மறுக்கும், மூன்றாவது ஆமோதிக்கும், நான்காவது வேறொரு பேச்சைத் தொடங்கும். கோல் கொண்டு நடத்துவோர் எவருமில்லை. பிரபுக்களின் மாளிகைக் கூடத்தில் வளர்ந்த வடிவமேயாயினும் அதன் உள்ளமைப்பிலே ஒரு குடியாட்சிப் பண்பு இருப்பதை மறுக்க முடியாது.

* * *

ஃபோல்ட்ஸ் 1880ஆம் ஆண்டு மஞ்செஸ்டர் நகரின் ஹியூம் பகுதியிற் பிறந்தார். தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கிய பகுதி அது. எங்கெல்ஸ் தொழிலாளி வர்க்கத்தின் வாழ்நிலையைக் கண்ணாரக் கண்டு 1845இல் நூலாக்கியதும் அந்நகரை முதன்மையாகக் கொண்டேயாகும். அவர் பிறந்த காலத்திலே கண்டிச் சீமையின் கோப்பிச் செடிகள் நோய் கண்டு அழிந்துகொண்டிருந்தன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர் அவற்றின் இடத்தைப் பிடிக்கலாயிற்று. மஞ்செஸ்டர் ஆலைத் தொழிலாளி குடித்த தேநீரும், இம்மலைகளில் நம் மக்கள் உடுத்த ஆலைத் துணியும் ஒரே வாணிபச் சங்கிலியின் கண்ணிகள். ஃபோல்ட்சின் கதையை நமக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றாக எண்ண வேண்டியதில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அவருடைய தந்தையார் அந்நகரின் புகழ்பெற்ற ஹாலே வாத்தியக் குழுவில் துளைக்கருவி வாசித்தவர். மகனும் 1900இல் அதே குழுவிற் செல்லோ வாசிப்பவராகச் சேர்ந்தார். இசைக் கல்லூரிப் பட்டம் எதுவும் அவருக்கில்லை. வாசித்தும் கேட்டுமே கற்றார். அக்காலத்து ஆங்கில இசையுலகில் பெயர்பெற்றோர் பலர் பல்கலைக்கழகங்களிலும் அரச இசைக் கல்லூரிகளிலும் பயின்றவர். ஃபோல்ட்ஸ் கூலிக்கு வாசித்த கலைஞர். இவ்வேறுபாடு அவரை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது.

பிழைப்புக்காக அவர் நாடகங்களுக்கு இசையமைத்தார்; கேட்டவுடன் மனத்தைக் கவரும் மெல்லிசைகளையும் எழுதினார். பேர்ணாட் ஷாவின் 'செயின்ற் ஜோன்' நாடகம் 1924இல் இலண்டன் மேடையேறியபோது அதற்கு இசை தந்தவர் அவரே. அவர் எழுதிய கெல்ரிக் மெட்டொன்று பூங்காக்களிலும் உணவுச்சாலைகளிலும் நெடுங்காலம் ஒலித்தது. மெல்லிசைக்காரர் என்ற முத்திரை அவர்மீது விழுந்தது. முத்திரை விழுந்தபின் அவருடைய ஆழ்ந்த படைப்புகளைக் கேட்கப் பெரிய சபைகளுக்குப் பொறுமை இருக்கவில்லை.

ஒரேயொரு முறை நிலைமை வேறாயிற்று. முதலாம் உலகப்போரில் மாண்ட எல்லா நாட்டவர்க்கும் நினைவாக அவர் 'உலக இரங்கலிசை' என்னும் பெரும் படைப்பை ஆக்கினார். விவிலிய வாசகங்களோடு கபீரின் வாக்கும் அதில் இடம்பெற்றது. போர் ஓய்ந்த நாளின் நினைவாக 1923 நவம்பர் 11ஆம் நாள் இலண்டன் அல்பேட் மண்டபத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடகரும் வாத்தியக்காரரும் கூடி அதனை அரங்கேற்றினர். கணவரையும் மைந்தரையும் இழந்த மக்கள் திரண்டு வந்து கேட்டனர். 1926 வரை ஆண்டுதோறும் அது நிகழ்ந்தது. விமரிசகர் சிலரோ முகஞ்சுளித்தனர். அதன்பின் அந்நிகழ்ச்சி கைவிடப்பட்டது. மீண்டும் அதே மண்டபத்தில் அது ஒலிக்க 2007ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. மக்கள் ஏற்றுக்கொண்டதை மேலோர் சபை ஒதுக்கியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

* * *

இந்தியாவை நோக்கி அவரைத் திருப்பியவர் மோட் மக்கார்த்தி என்னும் அயர்லாந்துப் பெண்மணி. சிறு வயதிலேயே வயலின் மேதையெனப் போற்றப்பட்ட அவர், நோயினால் மேடையை விட்டு விலகி, அன்னி பெசண்டுடன் 1907இல் இந்தியாவுக்கு வந்து, ஏறத்தாழ ஈராண்டு தங்கி நம் இசையைக் கற்றார். அச்சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றில் இருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. 1912இல் இலண்டன் அறிஞர் அவையொன்றில் இந்திய இசை பற்றி விரிவுரை நிகழ்த்தி, நம் நுண்சுருதிகளைத் தாமே பாடிக்காட்டினார். 1915இல் ஃபோல்ட்ஸ் அவரைச் சந்தித்தார். பின்னர் இருவரும் வாழ்க்கைத் துணைவராயினர்.

ஃபோல்ட்ஸ் அதற்கு முன்னரே நுண்ணொலிகளை நாடியவர். ஐரோப்பியர் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச் சுரங்களாகப் பகுப்பர். அந்த அரைச் சுரத்தையும் இரண்டாக்கிய கால் சுரத்தைத் தாம் 1898ஆம் ஆண்டிலேயே ஒரு நால்வரிசையிற் கையாண்டதாக அவர் எழுதியுள்ளார். பன்னிரண்டை இரட்டித்தால் இருபத்துநான்கு. தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தே வேறொரு பெயர் நினைவுக்கு வராமற் போகாது. தஞ்சையில் வாழ்ந்த சித்த வைத்தியர் ஆபிரகாம் பண்டிதர், பழந்தமிழிசை நூற்குறிப்புகளையும் கணிதத்தையும் கொண்டு ஒரு ஸ்தாயியில் இருபத்துநான்கு சுருதிகள் உண்டென்று வாதித்து, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இருபத்திரண்டே என்றோர் அவரை எதிர்த்தனர். 1947இல் வெளிவந்த 'யாழ் நூ'லிலே நம் விபுலானந்த அடிகளும் இருபத்திரண்டு அலகு என்னும் மரபை ஏற்றே ஆராய்ந்தார். எது சரி என்பது இங்கே நம் ஆராய்ச்சியன்று. மஞ்செஸ்டர் வாத்தியக்காரரும் தஞ்சை வைத்தியரும் பட்டம் பெறாத தம் செவியையும் சிந்தனையையும் நம்பி, ஏறத்தாழ ஒரே காலத்தில், ஏற்கப்பட்ட அளவுகோலைக் கேள்விக்குள்ளாக்கினர் என்பதே நாம் கருதத்தக்கது.

1920களில் ஃபோல்ட்ஸ் பியானோவுக்கென ஒரு தொடர் எழுதினார். நம் மேளகர்த்தா முறையோடு உறவுடைய சுரவரிசைகளில் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு, அதற்குப் புறம்பான சுரம் ஒன்றேனும் கலவாமல் ஒவ்வோர் உருப்படியையும் அமைத்தார். ஐரோப்பியக் காதுக்கு அது புதிய ஒழுங்கு; நமக்கு அது இராக இலக்கணத்தின் முதற்பாடம். அப்பயிற்சியின் கனிவே 'குவார்ட்டெற்றோ இன்ரிமோ'வில் வெளிப்படுகிறது. ஐந்து பகுதிகள் கொண்ட அவ்விசையில் கால் சுரங்கள் வரும் இடங்கள், நம் செவிக்குக் கமகம் ஒன்று தொடங்கி நின்றுவிட்டது போலத் தோன்றும். ஒரு பகுதி ஏளனச் சிரிப்பாய்த் துள்ளுகிறது. இன்னொன்று நால்வர் உரையாடலாய் அமைகிறது. கிழக்கின் மெட்டைத் திருடி மேற்கின் சட்டையை மாட்டும் வேலையை அவர் செய்யவில்லை. கற்றதைத் தன்வயமாக்கிக்கொண்டு தன் மொழியிலேயே பேசுகிறார். அதனை எழுதிய காலத்தில் அதற்கு மேடை கிடைக்கவில்லை.

* * *

1935ஆம் ஆண்டு ஃபோல்ட்ஸ் குடும்பம் இந்தியா வந்தது. அடுத்த ஆண்டு, அரசினரின் ஒலிபரப்புச் சேவை அகில இந்திய வானொலி எனப் பெயர் மாற்றம் பெற்றது. விரைவில் ஃபோல்ட்ஸ் தில்லி நிலையத்தில் மேலைநாட்டு இசைக்குப் பொறுப்பானார். அங்கே அவர் செய்த துணிவான காரியம், இந்திய வாத்தியக் கலைஞரைக் கொண்டு ஒரு கூட்டிசைக் குழுவை அமைத்ததாகும். தனித்து வாசித்துப் பழகிய அவர்களுக்குச் சுரக்குறிப்பைப் பார்த்து ஒன்றாக வாசிக்கப் பயிற்சி அளித்தார். இந்தியக் கருவிகளுக்கென்றே இசை எழுதினார். வெள்ளையர் மனமகிழ் மன்றங்களில் நடனமாடிப் பொழுதுபோக்கிய காலத்தில் இப்பணியில் ஈடுபட்ட மனிதரை மதியாதிருக்க முடியாது.

ஆனால் அதே மனிதர்தாம் 1938இல், வானொலியின் ஏடாகிய 'இந்தியன் லிஸ்னர்' இதழில் ஆர்மோனியத்தின்மீது போர் தொடுத்தார். தீங்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அக்கருவியின் பெயரோடு முடிந்து தலைப்பிலேயே சிலேடை செய்தார். ஆர்மோனியத்தின் சுரங்கள் ஐரோப்பியச் சமப்பகுப்பு முறையில் அமைந்தவை. இந்திய இசையின் நுண்சுருதிகளை அது கொன்றுவிடும். வழுக்கிச் செல்லும் கமகத்தை அதனால் எழுப்ப இயலாது என்பன அவர் தரப்பு வாதங்கள்.

வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. தோடியின் காந்தாரத்தைக் கட்டை அழுத்திக் காட்ட முடியாது என்பதை இசை பயிலும் சிறுவனும் அறிவான். வயலினும் ஐரோப்பியக் கருவிதான். பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனை நம்முடையதாக்கினர். வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் தந்த வயலின் சட்டம் அறிந்தோர் போற்றும் அளவுக்கு யானைத் தந்தத்தால் ஆனது. ஐரோப்பாவின் நால்வரிசைக்கு உயிரான அக்கருவி இன்று நம் கச்சேரிக்கும் உயிராகிவிட்டது. தந்தியின்மேல் விரல் வழுக்கும், கட்டையின்மேல் வழுக்காது என்பது கருவியியல் சார்ந்த மெய்யே.

எனினும் ஆர்மோனியம் மக்களிடம் சென்ற வழி வேறு. பாரிசில் டெபேன் என்பார் 1840களில் உரிமைப்பதிவு செய்த கருவி அது. பாதிரிமார் அதனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். காலால் மிதித்து வாசித்த அப்பெட்டியை, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் நிலத்தில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி இயக்கி மறுகையால் வாசிக்கும் வண்ணம் மாற்றியமைத்தார். அதன்பின் அது ஐரோப்பியக் கருவியாக இருக்கவில்லை. தலைச்சுமையாக ஊர் ஊராகச் செல்லக்கூடியது. மழையிலும் பனியிலும் தந்தி தளர்வதுபோலவும் தோல் தொய்வதுபோலவும் அதன் உலோக நாக்குகள் எளிதிற் சுருதி கலைவதில்லை. குருகுலவாசம் செய்ய வழியற்றவனும் ஒரு பருவத்தில் நாலு மெட்டு வாசிக்கக் கற்றுவிடலாம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் நாடெங்கும் பரந்தது அப்பெட்டியின் துணையினால். யாழ்ப்பாணத்தில் வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கேட்டு விடிய விடிய அழுத மக்களுக்கு அரிச்சந்திரனின் துயரைச் சுமந்து வந்தவற்றுள் ஆர்மோனியமும் ஒன்று. கண்டிச் சீமையின் ஈரக் காற்றிலே, தோட்டத்துப் பஜனைக்கூடத்திலே அது நிலைபெற்றதற்கும் இவையே காரணங்கள்.

ஃபோல்ட்ஸ் இந்தப் பக்கத்தைக் காணவில்லை. இங்கே அவருடைய சிந்தனையிலிருந்த முரண் வெளிப்படுகிறது. தாம் ஐரோப்பிய நால்வரிசையில் இந்தியச் சுருதியைக் கலந்தபோது அது புத்தாக்கம். இந்தியக் கருவிகளை ஐரோப்பிய முறையிற் கூட்டியபோது அது பரிசோதனை. நாடகக் கொட்டகைக்காரன் ஐரோப்பியப் பெட்டியைத் தன் பாட்டுக்குத் துணைகொண்டபோது மட்டும் அது கலப்படமாகிவிட்டது. கலப்பதற்கு உரிமை மேதைக்கு உண்டு, பாமரனுக்கு இல்லை என்ற எண்ணமே இதன் அடியில் கிடக்கிறது. பிரம்மஞான சபையார் வளர்த்த, மாசுபடாத ஞானக் கீழ்த்திசை என்னும் கற்பனையும் இதற்குத் துணைசெய்தது. அக்கற்பனைக் கீழ்த்திசையில் முனிவர் உண்டு, வீணை உண்டு; உழைத்துக் களைத்தவன் இரவில் வாசிக்கும் மலிவான பெட்டிக்கு இடமில்லை.

* * *

பழியனைத்தையும் ஒரு வெள்ளையர் தலையிற் சுமத்துவது எளிது, அது வரலாறாகாது. நம்மவருள் மிகப் பெரியோரும் இதே கருத்தினர். கண்டிப் பகுதியின் கைவினைஞரிடையே உலாவி ஆராய்ந்து 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அரிய நூலைத் தந்த ஆனந்த குமாரசுவாமி, அடுத்த ஆண்டு வெளியிட்ட தேசிய இலட்சியக் கட்டுரைகளிலே கிராமபோனைக் கடுமையாகச் சாடினார். ஆர்மோனியமும் அவர் கண்டனத்துக்குத் தப்பவில்லை. 1934இல் இலங்கைக்கு வந்து கண்டிய நடனத்தைக் கண்டு போற்றிய தாகூரும், 1940 சனவரியில் கல்கத்தா வானொலி நிலையத்தாருக்குக் கடிதம் எழுதி, அக்கருவியைத் தம் பாடல்களுக்குப் பயன்படுத்தலாகாது என்று கேட்டுக்கொண்டார். குமாரசுவாமியும் தாகூரும் அந்நிய ஆட்சியை வெறுத்தவர்கள். ஆயினும் கலை பற்றிய அவர்கள் தீர்ப்பு, ஆட்சியாளரின் வானொலியோடு இவ்விடயத்தில் கைகோத்துக்கொண்டது. தேசிய உணர்வு மட்டும் மக்கள் உணர்வாகிவிடாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

வானொலியின் தலைவராக இருந்தவர் லயனல் ஃபீல்டன் என்னும் ஆங்கிலேயர். 1940 மார்ச் மாதத்திலிருந்து அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் தடைசெய்யப்பட்டது. ஃபோல்ட்ஸ் அதற்கு முந்திய ஆண்டே இறந்துவிட்டார். தடையை விதித்தவர் அவரல்லர். வாதத்தைத் தந்தவருள் ஒருவர் என்பதே நேர்மையான கணிப்பு. அந்நியர் 1947இல் வெளியேறினர், தடை வெளியேறவில்லை. 1971ஆம் ஆண்டிலேதான் அது தளர்ந்தது, அதுவும் முற்றாக அன்று. முப்பத்தோர் ஆண்டுகள்! சமஸ்தானங்களின் ஆதரவு அற்றுப்போய் வானொலியே கலைஞரின் பெரும் புகலிடமாகி வந்த காலம் அது. அவ்வாயிலில் ஒரு கருவியை நிறுத்திவைப்பது அதனை வாசிப்போரின் சோற்றிலும் மதிப்பிலும் கைவைப்பதாகும்.

விவாதம் வேறு, தடை வேறு. ஒரு கருவியின் குறையைச் சொல்வது விமரிசகனின் உரிமை, கடமையுமாகும். அக்குறையைக் காரணங்காட்டி அரசு இயந்திரத்தைக் கொண்டு அதன் வாயை அடைத்தால் விமரிசனம் அங்கே முடிந்துவிடுகிறது. மக்களோ வேறு வழி தேடிக்கொள்கிறார்கள். 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் திரைப்பாடல்களை ஒதுக்கியபோது இந்திய மக்கள் தங்கள் வானொலியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினர். கொழும்பிலிருந்து ஒலித்ததைக் கேட்டுக் கடலுக்கப்பால் ஒரு தலைமுறை வளர்ந்தது. இறுதியில் 1957இல் இந்திய வானொலியே மெல்லிசைக்கெனத் தனிச் சேவை தொடங்க வேண்டியதாயிற்று.

* * *

மீண்டும் இசைத்தட்டுக்கு வருவோம். ஃபோல்ட்ஸ் கல்கத்தாவில் இறந்தபின் அவருடைய கையெழுத்துப் படிகளிற் பல தொலைந்தன. கிழக்கையும் மேற்கையும் இணைத்து அவர் எழுதிய பேரிசை ஒன்று கிடைக்கவேயில்லை. எஞ்சியவற்றுட் சிலவற்றை எலியும் எறும்பும் அரித்தன. 'ஜெனியாலே'யில் ஒரு பகுதி மட்டும் மிஞ்சியது இவ்வாறே. இங்கிலாந்தின் சபைகள் அவரை மறந்தன. 1970களில் மல்கம் மக்டோனல்ட் என்னும் இசை விமரிசகர் தேடிச் சென்று, மகளின் பாதுகாப்பிற் பெட்டிகளிலே கிடந்த படிகளைக் கண்டு, அவரைப் பற்றி நூலெழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பயனாகவே அந்நால்வர் குழு அவ்விசையைக் கையிலெடுத்தது. தட்டு சுழன்றபோதுதான், இருபதாம் நூற்றாண்டு ஆங்கில நால்வரிசைகளுள் இதுவும் தலைசிறந்த வரிசையில் வைக்கத்தக்கது என்று பலர் உணர்ந்தனர்.

மெல்லிசைக்காரர் என்ற முத்திரையால் வாயடைக்கப்பட்டவர், இன்னொரு மக்களின் மெல்லிசைக் கருவியை வாயடைக்க வாதம் தந்தார். இதனைத் தனிமனிதரின் நன்றிகேடாகக் கொள்ளலாகாது. மேலோர் சுவை, கீழோர் சுவை என்னும் அளவுகோல் எத்துணை ஆழமாக மனங்களிற் பதிந்திருந்ததெனில், அதனால் அடிபட்டவரே அதை எடுத்து அடுத்தவரை அளந்தார். வர்க்க சமுதாயத்தில் பண்பாட்டு அதிகாரம் இயங்கும் முறை இதுதான். இதே தட்டு குமாரசுவாமிக்கும் ஒரு மறுமொழி தருகிறது. இயந்திரம் கலையைக் கொல்லும் என்று அவர் அஞ்சினார். ஒலிப்பதிவு இயந்திரம் இல்லையெனில் ஃபோல்ட்சின் நால்வரிசை சிலர் மட்டுமே படிக்கும் காகிதமாய் இருந்திருக்கும். இயந்திரம் பகைவனன்று, அது யார் கையில், யாருடைய குரலைப் பதிகிறது என்பதே வினா.

இவ்வினா கண்டியில் வாழும் நம்மையும் நோக்கி நிற்கிறது. இம்மலைகளிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மக்கள் கூட்டம் பாடி வந்திருக்கிறது. காமன் கூத்திலும் பொன்னர் சங்கரிலும் தப்பு முழங்கியது. பஜனைக்கூடத்தில் ஆர்மோனியம் ஒலித்தது. 1948இல் அம்மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரைக் கடல்கடத்த வகைசெய்தது. தலைமன்னார்க் கப்பலில் ஏறியோர் தட்டுமுட்டுச் சாமான்களோடு தங்கள் பாட்டையும் கொண்டுசென்றனர். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டப் பாடல்களைத் திரட்டி அச்சேற்றியது பெருந்தொண்டு. ஆயினும் ஏட்டில் சொல் நிற்கும், மெட்டு நிற்பதில்லை. தப்பின் அடியும், பெட்டியின் சுரமும், பாடுபவரின் இழைவும் தாளில் அடங்குவனவல்ல.

இன்று ஒவ்வொரு மாணவன் கையிலும் இருக்கும் தொலைபேசி, அந்நாளைய ஒலிப்பதிவுக் கூடத்தின் வேலையில் ஒரு பகுதியைச் செய்ய வல்லது. விடுமுறைக்குத் தோட்டத்துக்குச் செல்லும் மாணவர் தம் ஊரில் தப்படிப்பவரையும் ஆர்மோனியம் வாசிப்பவரையும் தேடிச் சென்று பதிவு செய்வாராக. பாடியவர் யார், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார், எந்த விழாவிற் பாடுவது என்பனவற்றையும் உடன் எழுதிவைப்பாராக. ஆசிரியர்கள் அதனைப் பாடசாலை நூலகத்திற் பேணுவாராக. அது உயர்ந்த இசையா தாழ்ந்த இசையா என்ற தீர்ப்பை ஒத்திவைப்போம். கேளாத ஒன்றுக்குத் தீர்ப்பு வழங்க எவர்க்கும் உரிமையில்லை.

ஃபோல்ட்சின் பெட்டிகளைத் திறக்க ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னேனும் வந்தார். அவர் எழுதிவைத்திருந்தமையால் திறப்பதற்குப் பெட்டி இருந்தது. நம் தோட்டத்துப் பாட்டுக்குப் பெட்டியில்லை. பாடுவோரின் நெஞ்சே பெட்டி. அதைத் திறந்து கேட்க நாளை என்று தள்ளிவைத்தால், நாளை அது இராது.